முரடன் கிளம்பவில்லை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். வண்டிதான் நலமில்லை. உன் இருமல் விட்டதா?

நீ விட்டுப்போன மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறேன். பதினோரு வருஷமாகத் தகரக் கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நீ வாங்கும்போதே அதற்கு இருபது வயது. போட்ட சத்தத்துக்குத் தெருவே முரடன் என்று பேர் வைத்தது. இப்போது அந்த முரடன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாக்கை எடுத்துத் துடைத்து, சக்கரத்துக்குக் காற்றடித்து, கிக்கரை உதைத்தேன். நாற்பது உதை வரை எண்ணினேன். அதற்குமேல் திட்டுவதற்கு மூச்சு தேவைப்பட்டதால் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். உன் மாமா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, ஒரு வாளி மணலை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஐந்தடி தள்ளி நின்று பார்த்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுது. ஃபோனில் சொல்லாதே. காகிதமாக இருந்தால் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்.

எதற்கு என்று கேட்காதே. சும்மா நிற்கிறதே என்று தோன்றியது, அவ்வளவுதான். ஜூன் மாதத்துக்குள் ஓட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. மாமாவுக்கு என் வணக்கம். அந்த மணல் வாளி நல்ல யோசனை என்று சொல்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு மூன்றே மூன்று வேண்டும்: நெருப்பு, பெட்ரோல், மூச்சு. மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றாதே. அப்புறம் எது கெட்டது, எதை நீ கெடுத்தாய் என்று தெரியாது.

முதலில் நெருப்பு. பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, அதன் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துக் கிக்கரை உதை. நீலப் பொறி வர வேண்டும். வராவிட்டால் வலதுபக்க மூடிக்குள் பாயிண்ட் இருக்கும், இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். துருப் பிடித்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, திறந்திருக்கும்போது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி வை.

அப்புறம் டேங்கில் இருக்கும் பெட்ரோல். அது பெட்ரோலே இல்லை, வார்னிஷ். கீழே இறக்கிவிட்டுப் புதிது ஊற்று. ஆயில் கலக்க மறக்காதே. இந்த இன்ஜினுக்கு வேறு எண்ணெய் ஊட்ட ஆளில்லை.

பஸ் டிப்போவில் என்னைப் பணிமனையிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. கை அழுக்காவதில்லை.

ஜூனில் என்ன?

தம்பி

பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். என் வலது கெண்டைக்கால் மட்டும் இடது காலைவிட ஒரு சுற்று பெருத்துவிட்டது. உதைத்து உதைத்துத்தான்.

நெருப்பு வந்துவிட்டது. முதலில் ஒன்றுமில்லை. நீ சொன்ன பாயிண்டில் பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. தேய்த்தேன். விசிட்டிங் கார்டுக்கு எங்கே போவது? எங்கள் குடிநீர் ஆபீஸ் பெரிய அதிகாரி எப்போதோ கொடுத்த அட்டை கைப்பையில் கிடந்தது. அவரால் எனக்குக் கிடைத்த முதல் உபகாரம் அதுதான். அடுத்த உதையில் டப்பென்று நீலப் பொறி. என்னையறியாமல் கத்திவிட்டேன். உன் மாமா வாளியோடு ஓடி வந்தார்.

பழைய பெட்ரோலை இறக்கினேன். நாற்றம் சொல்லி மாளாது. புதிது ஊற்றி, ஆயில் கலந்து உதைத்தால், ஒரு தும்மல் கூட இல்லை. இன்னொன்று: உதைக்கும்போது சைலன்ஸர் முனையில் கையை வைத்துப் பார்த்தேன். காற்றே வரவில்லை. இது சரியா?

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "எதுக்கும்மா இந்த வயசுல? காயலான் கடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க"ன்னார். "வண்டிக்கு வயசைச் சொல்றீங்களா, எனக்கா?" என்று கேட்டேன். கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

நீ கையில் கிரீஸ் இல்லாமல் சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உன்னை ஏன் ஸ்டோர் ரூமில் போட்டார்கள்?

பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கையை வைத்துப் பார்த்தாயே, அதுதான் மெக்கானிக் புத்தி. காற்று வரவில்லை என்றால் சைலன்ஸர் அடைத்திருக்கிறது. உள்ளே போகிற மூச்சு வெளியே வராவிட்டால் எந்த உயிரும் பிழைக்காது. கழற்றிப் பார். கரி இருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது குடியிருக்கும்.

அதோடு கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவு. உள்ளே ஜெட் என்று பித்தளையில் ஒரு சின்னத் திருகு, நடுவில் மயிரிழைத் துளை. மாமாவின் ஊசியை அதில் விடாதே. துளை பெரிதாகிவிடும். கெட்டி நைலான் நூலை விட்டு இழுத்து, வாயால் ஊது.

அக்கா, நீ சும்மா நிற்கிற வண்டிக்காகக் காலை உடைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஜூனில் என்ன என்று கேட்டேன்.

தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

நலம் என்றே வைத்துக்கொள்.

சைலன்ஸருக்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஒன்றல்ல, ஒரு குடியிருப்பே இருந்தது. கம்பியால் குத்தி எடுத்ததில் ஒரு முறம் மண் விழுந்தது. ஜெட்டையும் நூல் விட்டு ஊதினேன். இப்போது உதைத்தால் இரண்டு வெடி வெடிக்கிறது. அப்புறம் கார்புரேட்டர் வழியாகப் புகை மாதிரி துப்பிவிட்டுச் செத்துப்போகிறது. பத்து நாளாக அதே இரண்டு வெடி.

நீ கேட்டதற்கு வருகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

அக்டோபரில் மூன்று தெருக்களின் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்தேன். கிருமி எண்ணிக்கை பதினாலு வந்தது. ஒன்றுகூட இருக்கக் கூடாது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் பதினாலு. அதை அப்படியே எழுதினேன். பெரிய அதிகாரி கூப்பிட்டார். "பதினாலுல ஒண்ணையும் நாலையும் எடுத்துட்டா என்னம்மா மிச்சம்? சைபர். அதை எழுதுங்க"ன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வாரம் அந்தத் தெருக்களில் இருபத்தியேழு பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தன. நான் மாற்ற மாட்டேன் என்றேன்.

சாம்பிள் எடுத்த பாட்டில் அழுக்கு என்று ஒரு காகிதம் தயாரானது. என்னோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்த பம்ப் ஃபிட்டர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். 'என் கவனக்குறைவால் தவறாகப் பதிவு செய்தேன்' என்று நானும் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். கொடுக்கவில்லை. மலைமேல் இருக்கிற நீரேற்று நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ் கிடையாது. பாதி தூரம் சரளைக்கல். அவளாகவே ராஜினாமா செய்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சேர்ந்து கிடந்த விடுப்பை எல்லாம் எடுத்துவிட்டேன். ஜூன் எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வேறு வண்டி வாங்கலாமே என்பாய். அதற்குக் கடன் வேண்டும், கடனுக்கு ஆபீஸ் கையெழுத்து வேண்டும், அவர்கள் கையெழுத்துப் போட வேண்டுமானால் முதலில் நான் போட வேண்டும்.

உன் மாமா எப்போதும்போலத் தைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஊசியில் நூல் கோக்க அவருக்கு இப்போது மூன்று தடவை ஆகிறது.

இரண்டு வெடிக்கு என்ன அர்த்தம் என்று உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஐந்து வாரமாகத் தபால்காரர் எங்கள் வாசலைப் பார்க்காமலே சைக்கிளை மிதிக்கிறார். நான் எழுதியது கிடைத்ததா?

இன்னும் அதே இரண்டு வெடிதான். பிளக் புதிதாகப் போட்டேன், டேங்க் குழாயைக் கழுவினேன். இனி எதைக் கழற்றுவது என்று தெரியவில்லை. வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, தேதி மட்டும் ஓடுகிறது.

இரண்டு வரியாவது எழுது.
அக்கா

மே 3

அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. இரண்டும்.

நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அவர்கள் கேட்கிற அந்த ஒரு வரியைக் கொடுத்துவிடு. ஒரு கையெழுத்துதான். எல்லோரும் போடுகிறார்கள். போட்டுவிட்டு உன் பழைய நாற்காலியில் போய் உட்கார். மாமாவுக்கும் வயதாகிறது. அந்த மலைப் பாதையில் பழைய வண்டியை நம்பிப் போய் விழுந்தாயானால் யார் தூக்குவது?

வண்டியைச் சாக்குப் போட்டு மூடிவிடு.

தம்பி

மே 12

தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. ஆனாலும் கேட்கிறேன்: உனக்கு என்ன ஆயிற்று?

உன் கடிதத்தை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். வெட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "இது அவன் எழுதினதா?"ன்னார். "அவன் கையெழுத்துதான்"னேன். "கையெழுத்தைக் கேக்கலை"ன்னார்.

எல்லோரும் போடுகிறார்களாம். அந்தப் பிள்ளைகளில் ஒன்று இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நாலு வயது. பதினாறு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தது. நான் கையெழுத்துப் போட்டால், அது குடித்தது நல்ல தண்ணீர் என்று ஆகிவிடும். அதன் அம்மா பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று ஆகிவிடும். இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணைக் குழாயடியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவள் எதற்குக் குனிய வேண்டும்?

முப்பத்தெட்டு கிலோமீட்டரும் நடந்தே போனாலும் போவேனே ஒழிய அந்த வரியை எழுத மாட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொல்லவில்லை தம்பி. நாலு காலையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக்காக இருந்தால் பதில் எழுது. புத்தி சொல்வதாக இருந்தால் தபால் தலையை வீணாக்காதே.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் வண்டி. நெருப்பு இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, இரண்டு வெடியோடு செத்துப்போகிறது என்றால் மூச்சு எங்கோ கசிகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அடிவயிறும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அதைக் காப்பது கிராங்க் என்கிற சுழல் தண்டின் இருபக்கமும் இருக்கிற ரப்பர் சீல். பதினோரு வருஷத்தில் கல்லாகியிருக்கும். வலதுபக்கம் பாயிண்டுக்குப் பின்னால் இருக்கிற சக்கரத்தின் அடியில் டார்ச் அடித்துப் பார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதேதான். அந்தப் பக்கத்து சீலை இன்ஜினைப் பிளக்காமலே மாற்றலாம். சக்கரத்தைக் கழற்ற மட்டும் புல்லர் என்கிற இழுவைக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டாதே. சீலின் மேல் அளவு பொறித்திருக்கும். அதே அளவு சீல் பம்புகளிலும் உண்டு. புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஒரே சீராக அழுத்தி உள்ளே இறக்கு.

இது போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியது. எனக்குத் தெரியும். மார்ச்சிலேயே தெரியும்.

அக்கா, என்னை யாரும் ஸ்டோர் ரூமுக்கு மாற்றவில்லை. நானே கேட்டு வாங்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பணிமனையில் ஆள் பற்றாக்குறை. ஒரு பஸ்ஸின் பிரேக்கை யாரும் பார்க்கவில்லை. மேஸ்திரி பதிவேட்டை நீட்டி, "போடுப்பா, வண்டி கிளம்பணும்"ன்னார். பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பஸ் சுவரில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் டிரைவர் வேகமாக ஓட்டினார் என்று முடிவு கட்டி வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பதிவேட்டில் பிரேக் சரி என்று என் கையெழுத்து இருக்கிறதே. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். "பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னேன்.

அதற்குப்பின் ஸ்பானரைத் தொட மனம் வரவில்லை. உன் மார்ச் கடிதத்தைப் படித்தபோது, நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டால் நான் ஒருவன் மட்டும் அப்படி இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அதைத்தான் யோசித்து எழுதியதாகச் சொன்னேன்.

எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் வண்டி கிளம்பியதா என்று மட்டும் எழுது.

தம்பி

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் நலம். நீ தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா?

டார்ச் அடித்துப் பார்த்தேன். தார் மாதிரிப் பிசுக்கு. புல்லருக்கும் சீலுக்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. எப்படித் தெரிந்ததோ, மறுநாள் மத்தியானம் பம்ப் ஃபிட்டர் வாசலில் நிற்கிறார். ஒரு கையில் புல்லர், சட்டைப் பையில் இரண்டு சீல். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவரும் நகரவில்லை.

"நான் போட்ட கையெழுத்தை அழிக்க முடியாதும்மா. இதையாவது போட்டுக் குடுக்கறேன்"ன்னார்.

"அது வேற, இது வேற. ரெண்டையும் கலக்காதீங்க. இந்த வண்டிக்கு பெட்ரோலும் ஆயிலும் கலந்தாப் போதும்"னேன். புல்லரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், சீலை நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். சொல்லிக்கொடுத்தார். போகும்போது, "நீங்க மேல கேஸ் போட்டா என்னையும் கூப்பிடுவாங்க இல்ல?" என்று கேட்டார். கட்டாயம் கூப்பிடுவார்கள் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "கூப்பிடட்டும்"ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது! கொட்டகை முழுக்கப் புகை. எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. உன் மாமா மணல் வாளியைத் தூக்கித் தோட்டத்தில் கொட்டிவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

எட்டாம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். இருபதாவது கிலோமீட்டரில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் இன்ஜின் நின்றது. பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. பெரிய அதிகாரிதான். நான் வந்து சேரவில்லை என்று எழுத அவரே நேரில் போய்க்கொண்டிருந்தார்.

"ஏம்மா இந்தப் பிடிவாதம்? ஏறுங்க, கீழே கொண்டுபோய் விடறேன். அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுது"ன்னார்.

"நான் மேல போறேன் சார். வழியை விட்டு ஜீப்பைத் தள்ளி நிறுத்துங்க"ன்னு சொல்லிவிட்டு பிளக்கை முடுக்கினேன். மூன்றாவது உதையில் முரடன் கத்தினான். புகை நேராக ஜீப் ஜன்னலுக்குள் போயிற்று. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வருத்தப்படவும் இல்லை.

எட்டு ஐம்பதுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். குறுகல் பாதையில் என்னை முந்த முடியாமல் புகைக்குப் பின்னால் தள்ளியே ஏறிய அவர் ஒன்பது ஐந்துக்கு வந்தார். அன்றைக்கே அங்கே சாம்பிள் எடுத்தேன். சைபர். சுத்தமான தண்ணீர். சைபர் வந்தால் சைபர் என்றுதானே எழுதுவேன்? எழுதினேன். பதினாலு விஷயமாக மேலிடத்துக்கு மனு அனுப்பிவிட்டேன்.

இனி உன் விஷயம். நீ எழுதியதை இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கோபம்தான். எனக்கு நீ செய்ய நினைத்ததற்கு அல்ல, அது ஆறிவிடும். அந்த டிரைவர் இந்த இரண்டு வருஷம் எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துத்தான். என்னிடம் சொன்னதால் உன் பாரம் குறைந்ததென்றால் அது எனக்கு வேண்டாம். நான் தப்பான விலாசம். அவர் வீடு உனக்குத் தெரியும்தானே?

வேலை போனால் போகட்டும். உனக்கு இங்கே ஒரு அறை இருக்கிறது.

உன் அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மாமா நலமா? ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே போ, பிளக்கில் கரி பிடிக்காது.

போன வெள்ளிக்கிழமை டிப்போ மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். பிரேக்கை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன், விசாரணையில் பொய் சொன்னேன். மூன்று வரி. அவர் படித்துவிட்டு, "இதைக் கிழிச்சிடறேன், நீ போய் வேலையைப் பாரு"ன்னார். "கிழிங்க. இன்னொண்ணு தொழிலாளர் கோர்ட்டுக்குத் தபால்ல போயிருக்கு"ன்னேன். இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன். விசாரணையைத் திறப்பதாக நேற்று கடிதம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். ஒரு அச்சகத்துக்கு மேலே மாடி அறை. அவரே கதவைத் திறந்தார். இளைத்துவிட்டார். என்னை அடையாளம் தெரிந்தது. ஒரு கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு, "என்ன?"ன்னார்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். எதையும் விடவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் அடிக்கவில்லை. கதவிலிருந்த கையை எடுத்தார். உள்ளே குக்கர் விசிலடித்தது. யாரோ அதை இறக்கிவைத்தார்கள்.

"உள்ள வா"ன்னார்.

நான் தயங்கினேன்.

"உள்ள வந்து சொல்லு. நான் வேகமா ஓட்டலைன்னு சொன்னப்ப என் பொண்டாட்டி ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. ஆனா நம்பவும் இல்லை. இப்ப சொன்னதை அப்படியே அவ முன்னாடி சொல்லு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன், அக்கா. அவர்கள் நாற்காலி கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே முதலிலிருந்து சொன்னேன்.

தம்பி